அல் ஸ்மித் தோற்றது எதனால், ரூஸ்வெல்ட்டை எதிர்த்தது எதனால்?

1928ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் நியூயார்க் ஆளுநர் அல் ஸ்மித் தோற்றது அவர் கத்தோலிக்கர் என்பதனால் மட்டும்தானா என்பது முதல் கேள்வி. தொழிலாளர்களுக்காக அத்தனை சட்டங்களைக் கொண்டுவந்தவர், எட்டே ஆண்டுகளில் பெருமுதலாளிகள் கூடிய விருந்தில் எழுந்து நின்று தன் சொந்தக் கட்சியின் அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைக் கடுமையாகத் தாக்கியது எப்படி என்பது இரண்டாவது கேள்வி. வழக்கமாக முதலாவதற்கு மதவெறி என்றும் இரண்டாவதற்குப் பொறாமை என்றும் விடை சொல்லி முடித்துவிடுவார்கள். இரண்டு விடைகளிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனிதர் பிடிபடுவார். ஸ்மித் ஒரு தெருவில் பிறந்து, ஒரு நகரத்தில் வளர்ந்து, ஒரு மாநிலத்தை அதன் கணக்குப் புத்தகம் வரை மனப்பாடமாக அறிந்தவர். அந்த மாநிலத்துக்கு வெளியே இருந்த நாடு அவருக்கு அந்நியமாக இருந்தது. நாட்டுக்கும் அவர் அந்நியராகவே தெரிந்தார். அவருடைய வெற்றிகளும் தோல்வியும் கடைசிக் காலத்துச் சண்டையும் இதிலிருந்தே வந்தன என்பது என் கருத்து.

அவர் பிறந்தது 1873 டிசம்பர் 30 அன்று, மன்ஹாட்டனின் கீழ்க்கோடியில், கப்பல்துறையை ஒட்டிய சவுத் தெருவில். அப்போது அந்தத் தெருவுக்கு மேலே புரூக்ளின் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது; பாலமும் தானும் ஒன்றாக வளர்ந்ததாக அவர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. தந்தை சரக்கு வண்டி ஓட்டிப் பிழைத்தவர். இத்தாலிய, ஜெர்மானிய வழி வந்தவர். தாய் ஐரிஷ் குடியேறிகளின் மகள். 1886இல் தந்தை இறந்தபோது ஸ்மித்துக்கு 13 வயது நிறையவில்லை. தேவாலயப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடிக்காமலேயே வேலைக்குப் போனார். சில ஆண்டுகளில் ஃபுல்டன் மீன் சந்தையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது: விடியற்காலை 4 மணிக்கு வந்துவிட வேண்டும், வாரத்துக்கு 12 டாலர் சம்பளம், அதோடு வீட்டுக்கு வேண்டிய மீன். பின்னாளில் சட்டப்பேரவையில் உறுப்பினர்கள் தாங்கள் படித்த பல்கலைக்கழகங்களின் பெயரைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது, தான் எஃப்.எஃப்.எம். பட்டதாரி என்றாராம் ஸ்மித். விரித்தால் ஃபுல்டன் மீன் சந்தை.

அந்தப் பகுதியில் அரசியல் என்றால் டாமனி ஹால். நியூயார்க் நகர ஜனநாயகக் கட்சியின் அந்த அமைப்பு ஊழலுக்குப் பேர்போனது. அதே நேரத்தில், வேலை இல்லாதவனுக்கு வேலையும் குளிர்காலத்தில் கரியும் சாவு வீட்டுச் செலவுக்குப் பணமும் கொடுத்து, பதிலுக்கு வாக்கை வாங்கிக்கொண்டது. அந்த அமைப்பின் வழியாகத்தான் 1895இல் ஸ்மித்துக்கு நடுவர் குழு ஆணையர் அலுவலகத்தில் எழுத்தர் வேலையும், 1903இல் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் உள்ள சட்டப்பேரவைக்கு இடமும் கிடைத்தன. முதல் சில ஆண்டுகள் அவர் வாய் திறக்கவில்லை. தன்னுடைய மேசைக்கு வந்த மசோதாக்கள் அவருக்குப் புரியவே இல்லை. மற்றவர்கள் மாலையில் கேளிக்கைக்குக் கிளம்பிய பிறகு, அவர் அறைக்குப் போய் அவற்றை வரிவரியாகப் படித்தார். குறிப்பாக, யாரும் முழுதாகப் படிக்காத வரவுசெலவு மசோதாவை. எந்தத் துறைக்கு எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு போகிறது என்பதை அறிந்தவனுக்கு மாநில அரசு முழுவதும் தெரியும் என்பதை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார். 1911இல் பேரவையில் தன் கட்சியின் தலைவராகவும், 1913இல் பேரவைத் தலைவராகவும் ஆனார்.

அவரை டாமனி ஆளாக மட்டும் நின்றுவிடாமல் தடுத்தது ஒரு தீ விபத்து. 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் என்ற பெண்கள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பற்றி 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள். வெளியேறும் கதவுகளில் ஒன்று பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணிகள் அந்த மாடிகளை எட்டவில்லை. பலர் சன்னல் வழியாகக் குதித்தே இறந்தார்கள். இதன்பின் மாநில அரசு ஏற்படுத்திய தொழிற்சாலை விசாரணைக் குழுவுக்கு ராபர்ட் வாக்னர் தலைவர், ஸ்மித் துணைத் தலைவர். அந்தக் குழு நாற்காலியில் உட்கார்ந்து மனு வாங்கவில்லை. மாநிலம் முழுக்கச் சுற்றியது. குழுவுக்கு உதவிய பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி, ஒரு கயிற்று ஆலையில் பத்து மணி நேர இரவு வேலையை முடித்துவிட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் வெளியே வருவதை ஸ்மித்தை நேரில் நிறுத்திக் காட்டினார். இன்னோரிடத்தில் ‘தீ தப்பு வழி’ என்று எழுதியிருந்த சிறிய துளை வழியாக வாக்னரையே ஊர்ந்து போகவைத்தார். அது பனி உறைந்த ஓர் இரும்பு ஏணியில் முடிந்தது, அந்த ஏணியோ தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே நின்றுவிட்டது. பட்டாணி உரிக்க உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளையும் அவர்கள் பார்த்தார்கள்.

வேலை நேரம், குழந்தைத் தொழில், தீப் பாதுகாப்பு, தொழிற்சாலைச் சுகாதாரம் என்று ஒரு வரிசைச் சட்டங்கள் அதிலிருந்து வந்தன. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற சட்டத்திலிருந்து தங்களுக்கு விலக்கு வேண்டும் என்று பழம், காய்கறிகளை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் கேட்டபோது ஸ்மித் பேரவையில் சொன்ன பதில் பலமுறை மேற்கோள் காட்டப்படுவது: ஓய்வு நாளைப் புனிதமாக அனுசரி என்ற கட்டளையைத் தான் கவனமாகப் படித்துப் பார்த்ததாகவும், ‘டப்பா ஆலைகள் நீங்கலாக’ என்ற சொற்கள் அதில் எங்கும் இல்லை என்றும் சொன்னார். சீர்திருத்தத்தை அவர் தத்துவமாகக் கற்கவில்லை. கண்ணால் பார்த்தார், பார்த்ததற்கு ஏற்பச் சட்டத்தின் வாசகத்தை மாற்றினார்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அமெரிக்க மாநில ஆளுநர் மத்திய அரசு நியமிக்கும் பிரதிநிதி அல்லர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சரின் இடம் என்று கொள்ளலாம். நியூயார்க்கில் அப்போது ஆளுநரின் பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். ஸ்மித் 1918இல் வென்றார். 1920இல் நாடெங்கும் குடியரசுக் கட்சி அலை வீசியபோது தோற்றார். 1922, 1924, 1926 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மீண்டும் வென்றார். 1920இல் அவர் தோற்றதுகூடக் கவனிக்கத்தக்கது: தன் மாநிலத்தில் தன் கட்சியின் அதிபர் வேட்பாளரைவிட நான்கு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளை அவர் கூடுதலாகப் பெற்றிருந்தார்.

ஆளுநராக அவர் செய்தவற்றில் மிகப் பெரியது, வெளியில் சுவையற்றதாகத் தோன்றும் நிர்வாகச் சீரமைப்புதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நூற்றுக்கும் மேற்பட்டவையாகப் பெருகியிருந்த வாரியங்களையும் ஆணையங்களையும் சுமார் இருபது துறைகளாக ஒடுக்கினார். வரவுசெலவுத் திட்டத்தை ஆளுநரே தயாரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இதில் அவருக்கு மூளையாக இருந்தவர் பெல் மாஸ்கோவிட்ஸ் என்ற பெண்மணி. ஆலோசனைக் கூட்டங்களில் ஒரு மூலையில் பின்னல் வேலை செய்தபடி இருப்பார், ஸ்மித் கேட்கும்போது மட்டும் பேசுவார். சீரமைப்புத் திட்டத்தை எழுதியவரும், பூங்காக்களைக் கட்டியவருமான ராபர்ட் மோசஸை அரசியலுக்குள் கொண்டுவந்ததும் ஸ்மித்தான். சோஷலிசக் கட்சியைச் சேர்ந்த ஐந்து உறுப்பினர்களை 1920இல் பேரவை வெளியேற்றியபோது, அவர்களுடைய கொள்கையை ஏற்காத ஸ்மித், வாக்காளர்கள் அனுப்பியவர்களை அகற்ற முடியாது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். 1923இல், நாடு முழுக்க அமலில் இருந்த மதுவிலக்கை மாநிலக் காவல்துறை செயல்படுத்துவதற்கான சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவில் கையொப்பமிட்டார். அந்தக் கையொப்பத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

1924 ஜூன் இறுதியில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு அவருடைய சொந்த நகரத்திலேயே, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூடியது. போலியோவால் கால்கள் செயலிழந்த ரூஸ்வெல்ட் ஊன்றுகோல்களோடு மேடைக்கு வந்து ஸ்மித்தின் பெயரை முன்மொழிந்தார். ‘மகிழ்ச்சியான போர்வீரர்’ என்று அவர் சூட்டிய பெயர் ஸ்மித்தோடு ஒட்டிக்கொண்டது. எதிரில் நின்றவர் மதுவிலக்கை ஆதரித்தவரும், தெற்கு, மேற்கு மாநிலங்களின் ஆதரவைப் பெற்றவருமான வில்லியம் மக்காடு. கறுப்பர், கத்தோலிக்கர், யூதர் மீது வெறுப்பு வளர்த்த கூ கிளக்ஸ் கிளான் அமைப்பைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் தீர்மானம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஏறத்தாழ ஒரே வாக்கில் தோற்றது. வேட்பாளருக்கு மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும் என்பது அன்றைய விதி. புழுக்கத்தில் ஒரு வாரத்துக்கும் மேலாக, வாக்கெடுப்பின் மேல் வாக்கெடுப்பாக, இருவரும் ஒருவரையொருவர் மறித்துக்கொண்டே இருந்தார்கள். 103ஆவது சுற்றில் களைத்துப்போன மாநாடு ஜான் டேவிஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. அன்று நடந்தவற்றை நாடு வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்மித்துக்கு 1928இல் வரப்போவது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு இருக்க முடியாது.

1928இல் ஹூஸ்டன் மாநாட்டில் முதல் சுற்றிலேயே வேட்பாளரானார். பெரிய கட்சி ஒன்றின் அதிபர் வேட்பாளராகக் கத்தோலிக்கர் ஒருவர் நிற்பது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய ஆண்டு சார்லஸ் மார்ஷல் என்ற வழக்கறிஞர் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் ஒரு திறந்த மடல் எழுதி, போப்பாண்டவரின் சுற்றுமடல்களை மேற்கோள் காட்டி, திருச்சபைக்கும் அரசியல் சாசனத்துக்கும் இடையே முரண் வந்தால் ஸ்மித் எதன் பக்கம் நிற்பார் என்று கேட்டிருந்தார். சுற்றுமடல் என்றால் என்ன எழவு என்று ஸ்மித் தன் நண்பர்களிடம் கேட்டதாக ஒரு கதை உண்டு. கதையோ உண்மையோ, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போன அந்த மனிதர் இறையியலை அறிந்தவர் அல்லர் என்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் செயல்பாட்டில் தலையிடும் அதிகாரம் எதுவும் தன் திருச்சபைக்கு இல்லை என்று அவர் அச்சில் கொடுத்த பதில் நேர்மையானது. அது போய்ச் சேர வேண்டியவர்களைச் சேரவில்லை. புதிதாகத் திறக்கப்பட்ட ஹாலந்து சுரங்கப் பாதையின் படத்தைக் காட்டி, இது அட்லாண்டிக் கடலுக்கு அடியில் ரோமாபுரி வரை போகிறது, ஸ்மித் வென்றால் போப் இதன் வழியாக வந்துவிடுவார் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். ஓக்லஹோமாவுக்கு அவருடைய ரயில் போனபோது வழியில் கிளான் கொளுத்திய சிலுவைகள் எரிந்துகொண்டிருந்தன. ஓக்லஹோமா சிட்டியில் அவர் இந்த வெறுப்பை நேராக எதிர்த்துப் பேசினார். தன் மதத்துக்காக வாக்களிக்கும் கத்தோலிக்கர்களின் வாக்கும் தனக்கு வேண்டாம் என்றார்.

இவ்வளவும் உண்மை. ஆனாலும், ‘இதனால் மட்டும்தானா’ என்ற கேள்விக்கு என் விடை ‘இல்லை’ என்பதே. 1928இல் வேலை இருந்தது, பங்குச் சந்தை ஏறிக்கொண்டிருந்தது, ஆளும் குடியரசுக் கட்சி அதற்கெல்லாம் தானே காரணம் என்று சொல்லிக்கொண்டது. அதன் வேட்பாளர் ஹெர்பர்ட் ஹூவர், முதல் உலகப் போர்க் காலத்தில் பெல்ஜியத்துக்கு உணவு அனுப்பிப் பெயர் பெற்றவர். அந்த ஆண்டில் ஜனநாயகக் கட்சியின் சார்பில் எந்தப் புராட்டஸ்டன்ட் நின்றிருந்தாலும் தோற்றிருப்பார். மதம் தீர்மானித்தது தோல்வியின் வடிவத்தைத்தான். உள்நாட்டுப் போருக்குப் பின் பெரும்பாலும் அசையாமல் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்துவந்த பழைய தெற்கில் வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி, புளோரிடா, டெக்சாஸ் ஆகிய ஐந்து மாநிலங்கள் ஹூவர் பக்கம் போயின. செழிப்பு ஒன்றே காரணம் என்றால் இது நடந்திருக்காது.

மதத்தோடு வேறு சிலவும் பின்னிக் கிடந்தன. மாநாடு மதுவிலக்கைச் செயல்படுத்துவதாக உறுதியளித்திருக்க, ஸ்மித் அங்கேயே தந்தி அடித்து, சட்டத்தை மாற்ற வேண்டும் என்பதே தன் நிலை என்று அறிவித்தார். மது விற்பனையை எப்படி நடத்துவது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவுசெய்ய வேண்டும் என்றார். டாமனி என்ற பெயரே கிராமப்புற வாக்காளர்களுக்குப் போதும். பழுப்புத் தொப்பி, வாயில் சுருட்டு, கீழ்மன்ஹாட்டன் பேச்சு. நேரில் கேட்டவர்களை மயக்கிய அந்தப் பேச்சு, ஒலிவாங்கியின் முன் நின்றபோது கரகரத்தது. ரேடியோவை அவர் ‘ராடியோ’ என்றே சொன்னார். உறையின் பின்பக்கத்தில் நாலு குறிப்பு எழுதிக்கொண்டு மேடையேறி, அந்த ஊருக்குத் தக்கபடி பேசிப் பழகியவருக்கு, கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கானவர்களிடம் பேசும் கலை கைவரவில்லை. கூடவே, தன்னை மாற்றிக்கொள்ளவும் அவர் மறுத்தார். கான்சாஸ் விவசாயிக்காகத் தொப்பியை மாற்றுவது அவருக்கு வேஷம். இது அவருடைய பெருமை என்று பலர் எழுதுகிறார்கள். ஒரு பகுதி பிடிவாதம் என்றும் நான் சொல்வேன்.

அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகள் ஹூவருக்கு 444, ஸ்மித்துக்கு 87. மக்கள் வாக்கில் 2 கோடியே 14 லட்சத்துக்கு எதிராக 1 கோடியே 50 லட்சம். ஆனால் இந்த ஒன்றரைக் கோடி, நான்கு ஆண்டுகளுக்கு முன் டேவிஸ் பெற்ற 84 லட்சத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இரு மடங்கு. மாசசூசெட்சும் ரோட் ஐலண்டும் ஸ்மித்துக்கு வாக்களித்தன. நாட்டின் பெரிய நகரங்களில், அதுவரை வாக்குச்சாவடிப் பக்கமே போகாத குடியேறிக் குடும்பத்துப் பெண்களும் ஆண்களும் வரிசையில் நின்றார்கள். 1932இலும் அதற்குப் பிறகும் ரூஸ்வெல்ட்டைத் தூக்கி நிறுத்திய நகர்ப்புறக் கூட்டணி இந்தத் தோல்வியில்தான் முதலில் தலைகாட்டியது. ஸ்மித்துக்கு மிகவும் வலித்தது வேறொன்று: நான்கு முறை தன்னை ஆளுநராக்கிய நியூயார்க் மாநிலத்தையே அவர் இழந்தார். அதே நாளில் அதே மாநிலத்தில், அவரே வற்புறுத்தி ஆளுநர் பதவிக்கு நிறுத்திய ரூஸ்வெல்ட் சுமார் 25,000 வாக்குகளில் வென்றார்.

இரண்டாவது கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. ரூஸ்வெல்ட் தன் யோசனையைக் கேட்டு ஆட்சி நடத்துவார் என்று ஸ்மித் எதிர்பார்த்தார். மாஸ்கோவிட்ஸையும் மோசஸையும் பதவியில் வைத்துக்கொள்ளும்படி சொன்னார். ரூஸ்வெல்ட் இருவரையும் வைத்துக்கொள்ளவில்லை. ரூஸ்வெல்ட்டின் பக்கம் நின்று பார்த்தால் அது சரியான முடிவுதான்: அவர்கள் இருந்திருந்தால் ஆளுநர் ஸ்மித்தாகவே இருந்திருப்பார். ஸ்மித், தன் நண்பர் ஜான் ராஸ்கோபின் பணத்தை முதன்மையாகக் கொண்டு எழுந்த எம்பயர் ஸ்டேட் கட்டட நிறுவனத்தின் தலைவரானார். ஆண்டுக்கு 50,000 டாலர் சம்பளம். 1931 மே 1 அன்று திறப்பு விழா. வாஷிங்டனில் இருந்தபடி ஒரு பொத்தானை அழுத்தி அந்தக் கட்டடத்தில் விளக்கேற்றி வைத்தவர் வேறு யாருமல்லர், அதிபர் ஹூவர். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வாடகைக்கு ஆள் வரவில்லை. ஊரார் அதை ‘எம்ப்டி ஸ்டேட்’ (காலி ஸ்டேட்) என்று கேலி செய்தார்கள். 1932இல் வெற்றி உறுதியாகத் தெரிந்த நேரத்தில் கட்சியின் வேட்பாளராக ஸ்மித் மீண்டும் முயன்றார். சிகாகோ மாநாட்டில் நான்காம் சுற்றில் ரூஸ்வெல்ட் வென்றார். ஸ்மித் தன் ஆதரவாளர்களை விட்டுக்கொடுக்காமலேயே ஊரைவிட்டுக் கிளம்பினார். இருந்தும் அந்த இலையுதிர்காலத்தில் ரூஸ்வெல்ட்டுக்காகப் பிரசாரம் செய்தார். புதிய ஆட்சியில் அவருக்கு எந்தப் பொறுப்பும் வரவில்லை.

1934இல், ரூஸ்வெல்ட்டின் திட்டங்களை எதிர்ப்பதற்காகப் பெருந்தொழிலதிபர்களான டூபான்ட் குடும்பத்தாரும் ராஸ்கோபும் முன்னின்று அமைத்த அமெரிக்க லிபர்ட்டி லீக் என்ற அமைப்பில் சேர்ந்தார். 1936 ஜனவரி 25 அன்று வாஷிங்டனின் மேஃப்ளவர் விடுதியில், சுமார் இரண்டாயிரம் பேர் இரவு உடையில் அமர்ந்திருந்த விருந்தில், நாட்டுக்கு ஒரு தலைநகரம்தான் இருக்க முடியும், அது வாஷிங்டனா மாஸ்கோவா என்று கேட்டார். 1928இல் அவரோடு துணை அதிபர் வேட்பாளராக நின்ற செனட்டர் ஜோசப் ராபின்சனே வானொலியில் பதில் சொன்னார்: பழுப்புத் தொப்பிக்குப் பதிலாகப் பணக்காரர்களின் பட்டுத் தொப்பி வந்துவிட்டது என்று. அந்த ஆண்டும் 1940இலும் ஸ்மித் குடியரசுக் கட்சி வேட்பாளரை ஆதரித்தார். அந்த இரு முறையும் ரூஸ்வெல்ட்டே பெரும் வித்தியாசத்தில் வென்றார்.

காயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் 1936இல் வைத்த வாதம் புதிதன்று: மாநிலங்கள் செய்ய வேண்டியதை வாஷிங்டன் எடுத்துக்கொள்கிறது என்பதே அதன் சாரம். மதுவிலக்கை எதிர்த்து 1928இல் அவர் வைத்ததும் இதே வாதம்தான். ஆல்பனியில் ஒவ்வொரு செலவையும் விரல் நுனியில் வைத்திருந்தவருக்கு, யார் கணக்கிலும் அடங்காமல் வளர்ந்த வாஷிங்டன் அலுவலகங்கள் அருவருப்பைத் தந்தன. பிழை எங்கே என்றால், பெருமந்தத்தின் அளவை அவர் உணரவில்லை. நியூயார்க்கைப் போலப் பணமும் நிர்வாகமும் உள்ள மாநிலம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளலாம்; மிசிசிப்பி என்ன செய்யும்? இதில் பெரிய வேடிக்கை, அவர் எதிர்த்த சட்டங்களை எழுதியவர்கள் அவருடைய ஆட்களே. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வாக்னரின் பெயரைத் தாங்கியது. சமூகக் காப்புச் சட்டத்தை உருவாக்கிய குழுவின் தலைவர், ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் துறை அமைச்சர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். கயிற்று ஆலை வாசலில் ஸ்மித்தை நிறுத்தியவர், 1919இல் ஸ்மித் கொடுத்த பதவியின் வழியாக அரசுக்குள் வந்தவர்.

அவர் கசந்துபோன கிழவராகவே முடிந்தார் என்ற முடிவுக்கும் வர வேண்டாம். ஹிட்லர் பதவிக்கு வந்த இரண்டே மாதத்தில், 1933 மார்ச்சில், யூதர்கள் மீதான கொடுமையைக் கண்டிக்க மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூடிய கூட்டத்தில் அவர் பேசினார். 1939இல் போர் தொடங்கியதும், போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடுத்த நடுநிலைச் சட்டத்தைத் திருத்த ரூஸ்வெல்ட் முயன்றபோது வானொலியில் அவரை ஆதரித்தார். அதன் பின் இருவருக்கும் இடையே இருந்த இறுக்கம் தளர்ந்தது. அவர் அப்போது வசித்தது ஐந்தாம் அவென்யூவில், சென்ட்ரல் பார்க் விலங்குக்காட்சிச் சாலைக்கு நேர் எதிரே. சிறுவயதில் வீட்டு மாடியில் நாயும் ஆடும் வளர்த்தவருக்காக, 1934இல் அந்த விலங்குக்காட்சிச் சாலையைப் புதுப்பித்த ராபர்ட் மோசஸ் ஒரு விளையாட்டான பதவியை உண்டாக்கினார்: கௌரவ இரவுக் கண்காணிப்பாளர். பதவியோடு ஒரு சாவியும் வந்தது. 1944 அக்டோபர் 4 அன்று, மனைவி இறந்த ஐந்தே மாதத்தில், அவர் இறக்கும்வரை அந்தச் சாவி அவரிடம்தான் இருந்தது. விருந்தாளிகள் வந்தால் சாப்பாடு முடிந்ததும் அவர்களையும் அழைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போவார். பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, கூண்டு கூண்டாக நின்று விலங்குகளிடம் பேசிவிட்டு வருவார்.